போட்டாக்ஸ் எனக்கு மட்டும் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது?

நெற்றியிலும் புருவ நடுவிலும் முதல் தடவையாகச் சுருக்கத்துக்கான போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு மாதம் நிற்கும் என்றார்கள். 10 வாரத்திலேயே புருவம் நெரிய ஆரம்பித்துவிட்டது. அதே சமயத்தில் போட்டுக்கொண்ட தோழிக்கோ ஐந்தாவது மாதத்திலும் நெற்றி வழுவழுவென்று இருக்கிறது. தினமும் ஓடுவதால் உங்கள் உடம்பு மருந்தை எரித்துவிடுகிறதா, தண்ணீர் அதிகம் கலந்து போட்டுவிட்டார்களா, பேசாமல் தோழி போகும் மருத்துவரிடமே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ‘எத்தனை மாதம் நிற்கும்’ என்ற கேள்வி. நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, உங்கள் விஷயத்தில் ஏதாவது தப்பு நடந்திருக்கிறதா என்பதைத்தான்.

நான் தோல் மருத்துவர், இந்த ஊசியைப் போட ஆரம்பித்து 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. முகத்தைப் பார்க்காமல், புருவத்தை நெரிக்கச் சொல்லி விரலால் தொட்டுப் பார்க்காமல், உங்களுக்கு என்ன நடந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், 10 வாரத்தில் அசைவு திரும்புவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் தவறான படம் ஒன்று எல்லோர் மனதிலும் இருக்கிறது.

அந்தப் படம் இதுதான்: ஊசி போட்டதும் மருந்து தசைக்குள் தேங்கி நிற்கிறது, உடம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதை எரிக்கிறது, தீர்ந்ததும் சுருக்கம் திரும்புகிறது. பெட்ரோல் டேங்க் மாதிரி. அப்படி இருந்தால் ஓடுகிறவருக்குச் சீக்கிரம் தீரும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. நடப்பது வேறு. போட்டாக்ஸில் இருக்கும் மருந்தான போட்டுலினம் டாக்ஸின், ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் நரம்பு நுனிகளுக்குள் போய்விடுகிறது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை நரம்பு வெளியே விடுவதற்கு ஸ்னாப்-25 என்று ஒரு புரதம் வேண்டும். டாக்ஸின் அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. மூளை ‘நெரி’ என்று சொல்கிறது, நரம்பும் அதைக் கொண்டுவருகிறது, கடைசி வாசலில் கதவு பூட்டியிருக்கிறது. தசைக்கு எந்தச் சேதமும் இல்லை. அதற்குச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான். பிறகு நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், பூட்டிய நுனிக்குப் பக்கத்தில் புதிதாகச் சிறு கிளைகள் முளைத்துத் தற்காலிகமாக வேலையைப் பார்ப்பதும், மூன்று மாத வாக்கில் பழைய நுனியே மீண்டு அந்தக் கிளைகள் சுருங்கிவிடுவதும் தெரியவந்தது. ஆக, மூன்று நான்கு மாதம் என்பது நரம்பு மீள எடுத்துக்கொள்ளும் காலம். மருந்து தீரும் காலக் கணக்கு அல்ல.

இதற்கு உடம்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இதே மருந்தை அதிக வியர்வைக்காக அக்குளில் போடுகிறோம். அங்கே பெரும்பாலும் ஆறு மாதம், சிலருக்கு ஒன்பது மாதம்கூட நிற்கிறது. அதே ஆள், அதே மருந்து. நெற்றியில் மூன்றரை மாதம், அக்குளில் அதைப்போல இரண்டு மடங்கு. உடம்பு எரிப்பதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே நாளில் தீர்ந்திருக்க வேண்டுமே. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு மீளும் வேகம் வேறு, முகத்தசைக்குப் போகும் நரம்பின் வேகம் வேறு.

சரி, ‘நிற்கிறது’ என்றால் என்ன? இதில்தான் பாதிக் குழப்பம். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய முழுப் பலன். உச்சநிலை ஒரு மாதம் வரை போகும். அதற்குப் பிறகு அது மெல்ல மெல்லச் சரிகிற பாதை. முதலில் புருவ ஓரத்தில் ஒரு சின்னத் துடிப்பு, பிறகு கொஞ்சம் அசைவு, பிறகு பாதி நெரிப்பு, கடைசியில்தான் பழைய கோடு. முதல் அசைவுக்கும் பழைய சுருக்கம் முழுசாகத் திரும்புவதற்கும் நடுவே பல வாரங்கள் இருக்கும். மருத்துவர் ‘நான்கு மாதம்’ என்றது பெரும்பாலும் இரண்டாவதை வைத்து. நீங்கள் 10 வாரம் என்று எண்ணுவது முதலாவதை வைத்து. தோழி எதை வைத்து ஐந்து மாதம் என்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தினமும் கண்ணாடி முன் புருவத்தை நெரித்துச் சோதிக்கிறவருக்கு மருந்து எப்போதுமே சீக்கிரம் தீரும். மறந்துவிட்டு வேலையைப் பார்க்கிறவருக்கு அது நீண்ட நாள் நிற்கும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வாரா வாரம் பார்க்கிறேன். ‘மொத்தமாகப் போய்விட்டது டாக்டர்’ என்று வருகிறவரிடம் ஊசிக்கு முன் எடுத்த படத்தைக் காட்டினால், இன்னும் பாதிக்கு மேல் பலன் மிச்சம் இருப்பது அவருக்கே தெரிகிறது. ஊசிக்கு முன்பும் இரண்டாவது வாரத்திலும் ஒரே வெளிச்சத்தில், நெரித்து ஒன்று, சும்மா வைத்து ஒன்று என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது எந்த நினைவையும்விட நம்பகமானது.

இனி எவையெல்லாம் பலனை மாற்றும் என்று பார்ப்போம். நிச்சயமாகத் தெரிந்தவற்றில் முதல் இடம் அளவுக்கு. போட்டாக்ஸ் என்ற பிராண்டின் அனுமதி பெற்ற மருந்துக் குறிப்பில் புருவ நடுவுக்கு 20 யூனிட், ஐந்து இடங்களில் நான்கு நான்காக என்று இருக்கிறது. நெற்றிக்கு இன்னொரு 20, கண்ணோரச் சுருக்கத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 24. அமெரிக்காவில் புருவ நடுவுக்கு 2002லும், கண்ணோரத்துக்கு 2013லும், நெற்றிக்கு 2017லும் அனுமதி கிடைத்தது. இந்த அளவைவிடக் குறைத்துப் போட்டால் பலன் மென்மையாக இருக்கும், சீக்கிரமும் போகும். ‘பேபி போட்டாக்ஸ்’ என்ற பெயரில் இப்போது நிறையப் பேர் கேட்பது இதைத்தான். இயல்பான முகம் கிடைக்கிறது, அதற்கு விலையாக மாதங்கள் குறைகின்றன. அளவைக் கூட்டினால் ஓரளவுக்கு நாள் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டினால் நாள் கூடாது, பக்கவிளைவுதான் கூடும்.

நெற்றியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் புகாரில் பாதி அங்கே இருக்கலாம். புருவத்தைக் கீழே இழுக்கப் பல தசைகள் உண்டு. மேலே தூக்க நெற்றித் தசை ஒன்றுதான். அதை முழுசாக அடக்கினால் புருவம் கனத்துக் கண்ணின் மேல் இறங்கிவிடும். என் ஆரம்ப வருடங்களில் ஒரு அம்மாவுக்கு நெற்றி ஒரு கோடுகூட இல்லாமல் வர வேண்டும் என்ற ஆசையில் தாராளமாகப் போட்டுவிட்டேன். அவருக்கு மேலிமை ஏற்கெனவே தொய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து வைக்கவே அவர் நாள் முழுக்க நெற்றியைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. கோடு போயிற்று. கூடவே இரண்டு மாதம் தூங்கி எழுந்த முகத்தோடு திரிந்தார், ஒவ்வொரு முறை வந்தபோதும் என்னைத் திட்டாமல் சிரித்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து நெற்றியில் வேண்டுமென்றே குறைவாகப் போடுகிறேன். கவனமுள்ள மருத்துவர்கள் பலரும் அப்படித்தான். எனவே நெற்றி மட்டும் முந்திக்கொண்டு அசைந்தால் அது கஞ்சத்தனமாக இல்லாமல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

அடுத்து, தண்ணீர் கலந்த சந்தேகம். எல்லோரும் கலக்கத்தான் வேண்டும். குப்பியில் வருவது அடியில் ஒட்டிய காய்ந்த மருந்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதில் உப்புக்கரைசலைச் சேர்த்துத்தான் ஊசியில் எடுக்க முடியும். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சேர்த்தால் 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். இன்னும் அதிகம் சேர்த்தாலும் போட்ட யூனிட் அதேதான் என்றால் ஏமாற்று இல்லை. மருந்து சற்று அகலமாகப் பரவும், அவ்வளவே. ஏமாற்று என்பது யூனிட் எண்ணிக்கையை மறைப்பது. அதனால் ‘எத்தனை மில்லி’ என்றோ ‘எத்தனை ஊசி’ என்றோ கேட்காதீர்கள், ‘எந்த பிராண்டு, எந்த இடத்தில் எத்தனை யூனிட்’ என்று கேளுங்கள். பிராண்டையும் சேர்த்துக் கேட்கக் காரணம், ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றின் யூனிட் அல்ல. புருவ நடுவுக்கு போட்டாக்ஸில் 20 என்றால் டிஸ்போர்ட்டில் 50. தோழிக்கு 50, உங்களுக்கு 20 என்று கேள்விப்பட்டால் அவருக்கு இரண்டரை மடங்கு மருந்து போட்டதாக அர்த்தம் இல்லை.

பிராண்டுக்கு பிராண்டு நாள் மாறுமா என்றால், போட்டாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் மூன்றுக்கும் சரியான அளவில் போட்டால் பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. நீண்ட நாள் நிற்பது என்று 2022ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸிஃபை வேறு வகை. அதன் சோதனைகளில் புருவ நடுவில் பாதிப் பேருக்கு 24 வாரம் வரையோ அதற்கு மேலோ பலன் இருந்தது. இன்னொரு பக்கம், போலிக் குப்பிகளும் உண்மையான பிரச்சினைதான். 2024ல் அமெரிக்காவில் போலி மருந்து போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. போட்டாக்ஸ் குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வழியில் கெட்டுப்போன மருந்தோ சரக்கே இல்லாத போலியோ என்றால் 10 வாரம் நன்றாக இருந்திருக்காது, முதலிலிருந்தே பலன் சொதப்பலாக இருந்திருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை.

மருந்தைப் போலவே முகமும் முக்கியம். தசை தடிமனாகவும் பலமாகவும் இருந்தால் அதே அளவு மருந்து குறைந்த நாள்தான் நிற்கும். ஆண்களுக்குப் பொதுவாக அதிக யூனிட் தேவைப்படுவது இதனால்தான். யோசிக்கும்போதும் திரையைப் பார்க்கும்போதும் புருவத்தை நெரித்தே பழகியவர்களுக்கும் அப்படித்தான். கண்ணாடி போட வேண்டிய பவரைத் தள்ளிப்போட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்கிறவர்களை நான் முதலில் கண் மருத்துவரிடம் அனுப்புவேன். அப்புறம், கோடு எந்த வகை என்பது இருக்கிறது. நெரித்தால் மட்டும் தெரியும் கோடு ஒரு வகை. முகத்தைச் சும்மா வைத்திருக்கும்போதும் நிற்கும் கோடு இன்னொரு வகை. முதலாவது மறைந்துவிடும். இரண்டாவது தோலிலேயே மடிந்துபோன கோடு, வெயிலும் வயதும் புகையும் சேர்ந்து போட்டது. அது மங்கும், ஒரே தடவையில் மறையாது. தோழிக்கு முதல் வகை, உங்களுக்கு இரண்டாம் வகை என்றால், இருவருக்கும் ஒரே வாரத்தில் ஒரே அளவு அசைவு திரும்பினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்குக் கோடு உடனே தெரியும்.

தொடர்ந்து போட்டால் நாள் கூடுமா? பலருக்குக் கூடுகிறது. சில சுற்றுக்குப் பிறகு தசை கொஞ்சம் மெலிகிறது, நெரிக்கும் பழக்கமும் குறைகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தவர் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். 2006ல் வெளியான ஒரு கட்டுரையில் உருவொத்த இரட்டைச் சகோதரிகளை ஒப்பிட்டிருந்தார்கள். ஒருவர் 13 வருடம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர், மற்றவர் இரண்டே தடவை. ஒழுங்காகப் போட்டவருக்கு முகத்தைச் சும்மா வைத்திருக்கும்போது நெற்றியில் கோடு இல்லை, மற்றவருக்கு இருந்தது. ஒரே ஒரு ஜோடிதான் என்பதால் அதைப் பெரிய நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நான் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

சந்தேகத்துக்குரியவற்றில் உங்கள் ஓட்டம்தான் முதலில் வருகிறது. தீவிரமாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குச் சீக்கிரம் போகிறது என்று பல மருத்துவர்கள் அனுபவத்தில் சொல்வார்கள், எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் இதை நிரூபிக்கும் அளவுக்கு நல்ல ஆய்வு இல்லை, மேலே சொன்ன நரம்பு விளக்கத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை. கடினமாக உழைக்கும்போது முகத்தையும் சேர்த்து நெரிக்கிறவர்கள் அவர்கள் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். ஒரு ஊசிக்காக ஓட்டத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஊசி போட்ட அன்று மட்டும் ஓடாதீர்கள் என்பேன், அதுவும் ரத்தக்கட்டுக்காக. துத்தநாக மாத்திரை இன்னொன்று. இந்த டாக்ஸின் வேலை செய்யத் துத்தநாகம் தேவை என்பது உண்மை. துத்தநாகத்தையும் அதை உடம்பு உறிஞ்ச உதவும் ஃபைட்டேஸ் என்ற நொதியையும் சேர்த்துக் கொடுத்தபோது நாள் கூடியதாகச் சொன்ன ஒரு சின்ன ஆய்வும் உண்டு. அதை நம்பி எல்லோருக்கும் மாத்திரை எழுதித்தரும் அளவுக்கு அது போதாது. ஊசி போட்டதும் புருவத்தை நெரித்து நெரித்துப் பயிற்சி செய்தால் பலன் ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது என்று ஒரு சிறு சோதனையில் தெரிந்தது. இரண்டாவது வாரத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது என்பது பெரும்பாலும் வழக்கம்தான். நானும் சொல்கிறேன், ஆதாரம் மெலிசு. அந்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து இணையத்தில் கண்ணில் படப்போவது ‘எதிர்ப்பு’ என்ற சொல். உடம்பு இந்தப் புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி மருந்தைச் செயலிழக்கச் செய்வது உண்மையில் நடப்பதுதான். கழுத்துத் தசை இழுப்பு போன்ற நோய்களுக்குப் பெரிய அளவில் அடிக்கடி போடும்போது அதிகம் பார்க்கப்பட்டது. பழைய போட்டாக்ஸில் 100 யூனிட்டுக்கு 25 நானோகிராம் புரதம் இருந்தது. 1990களின் பிற்பாதியில் அது 5 ஆகக் குறைந்தபின் பிரச்சினையும் குறைந்தது. சுருக்கத்துக்குப் போடும் சின்ன அளவில் இது அரிது. அப்படி இருந்தால் முன்பு நன்றாக வேலை செய்த மருந்து எந்த இடத்திலும் எதுவுமே செய்யாமல் போகும். முதல் தடவை, 10 வாரம் நல்ல பலன் என்பது அந்தக் கதை இல்லை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: அவசரப்பட்டு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வது அந்த ஆபத்தைக் கூட்டும். இரண்டாவது வாரம் ஒரு சின்ன டச்-அப் பரவாயில்லை. அதைத் தாண்டினால் 12 வார இடைவெளி விடுங்கள்.

அதிக நாள் நிற்பதை மட்டுமே நல்ல ஊசிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகத்தில் குழிவை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசிகளில் ஹையலுரானிக் அமில வகையைக் கரைக்க மருந்து உண்டு. போட்டாக்ஸைத் திருப்பி எடுக்க எதுவும் கிடையாது. மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவி மேலிமை தொங்கிவிட்டால் சில வாரங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். சொட்டு மருந்தால் இமையை ஓரிரு மில்லிமீட்டர் தூக்கலாம், அவ்வளவுதான். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ தள்ளிப்போடுங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் இருந்தாலோ, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் அது மிக அரிது, ஆனால் மறுநாளுக்குத் தள்ளக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 12 வாரம் முடியும்வரை ஒன்றும் செய்யமாட்டேன். பிறகு அதே மருத்துவரிடம் போய், எது முதலில் அசைந்தது, புருவ நடுவா நெற்றியா, எந்த வாரத்தில் என்று சொல்வேன். முதல் தடவை எந்த மருத்துவருக்கும் உத்தேசக் கணக்குதான். இரண்டாவது தடவைதான் உங்கள் தசைக்கு ஏற்ற அளவு அமையும். புருவ நடுவில் நான்கைந்து யூனிட் கூட்டி, நெற்றியை அப்படியே விட்டுவைப்பது பலருக்குச் சரியாக வரும். தோழியின் மருத்துவரிடம் மாறுவதும் தப்பில்லை, அவர் மறுபடி முதல் தடவையிலிருந்து ஆரம்பிப்பார் என்பதுதான் சிக்கல். அதனால் மாறுவதாக இருந்தால் போகும்முன் பழைய பதிவைக் கேட்டு வாங்குங்கள்: பிராண்டு, தேதி, குப்பியின் பேட்ச் எண், எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட். ஒழுங்கான இடத்தில் இவை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தர மறுத்தாலோ, அப்படி ஒன்று எழுதவே இல்லை என்று சொன்னாலோ, மாறிவிடுங்கள். 10 வாரம் என்பதற்காக மாற வேண்டாம்.